மறுப்புக்கும் ஒரு கணக்கு உண்டு

ஒரு மக்காக் குரங்கின் முன்னால் திரை இருக்கிறது. திரையில் இரண்டு பட்டைகள் தோன்றுகின்றன. எவ்வளவு உணவு கிடைக்கும் என்பதைச் சிவப்புப் பட்டையின் நீளம் சொல்கிறது. முகத்தில் எவ்வளவு பலமாகக் காற்று அடிக்கும் என்பதை மஞ்சள் பட்டையின் நீளம் சொல்கிறது. அந்த உணவு வேண்டுமென்றால் அந்தக் காற்றடியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். குரங்கு கைப்பிடியை நகர்த்தி ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். மறுத்தால் காற்றடி இல்லை. திரையில் காட்டிய அளவு உணவும் இல்லை.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் கென்-இச்சி அமெமோரியும் ஆன் கிரேபியலும் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இது. முடிவெடுத்தலும் முனைப்பும் மூளையில் எங்கே சந்தித்துக்கொள்கின்றன என்பதுதான் அதன் கேள்வி. நான் நரம்பியல் படித்தவள் இல்லை, இலக்கியம் கற்பிக்கிறவள். கதையையும் சட்டத்தையும் விளம்பரத்தையும் பெண்ணிய நோக்கில் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் நாம், ஆய்வுக் கட்டுரை என்று வந்தால் மட்டும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது சரியில்லை என்று தோன்றியதால்தான் இந்தத் துறையின் எழுத்துகளுக்குள் போனேன். எதை அளக்கிறார்கள், அளந்ததற்கு என்ன பெயர் வைக்கிறார்கள், யாருடைய உடலில் அளக்கிறார்கள் என்ற கேள்விகளை எந்தப் பிரதியிடமும் கேட்கலாம்.

இந்த ஆய்வில் என்னை நிறுத்தி வைத்தது அந்த மஞ்சள் பட்டை. குரங்கு மறுக்கும்போது, "இதற்கு முனைப்பு போதவில்லை" என்று ஆய்வாளர் போகிற போக்கில் எழுதிவிட முடியாது. அதனிடம் என்ன விலை கேட்கப்பட்டது என்பது திரையிலேயே இருக்கிறது. உணவின் அளவையும் அடியின் பலத்தையும் எடைபோட்டு எடுத்த முடிவாகத்தான் அதன் மறுப்பைப் படிக்க வேண்டியிருக்கிறது. பெண்களின் மறுப்பைப் பற்றிப் பேச்சு வரும்போது மட்டும் மஞ்சள் பட்டை காணாமல் போய்விடுகிறது. சிவப்புப் பட்டையை மட்டும் காட்டி, "இவ்வளவு இருந்தும் இவளுக்கு மனசில்லையே" என்கிறார்கள். முனைப்பு பற்றிய அறிவியலின் வரலாற்றையே இந்த ஒரு பட்டையை வைத்து வாசிக்கலாம் என்பது என் வாதம்.

முதலில் அந்தப் பாதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி நெற்றி மடல். திட்டமிடுதல், ஒன்றை மனதில் நிறுத்தி வைத்தல், இது நல்லதா கெட்டதா என்று மதிப்பிடுதல் ஆகியவற்றில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதி இருக்கிறது. அதற்கும் கீழே, நடுமூளையில், டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. இந்த மூன்றுக்கும் இடையில் ஓடும் இழைகளைக் குரங்குகளின் மூளையில் பொறுமையாகப் பின்தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் சூசன் ஹேபர். 2000இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட வரைபடத்தில் இந்தப் பாதைகள் சுருள் சுருளாக ஏறுகின்றன. விருப்பு வெறுப்போடு தொடர்புடைய பகுதி, நடுமூளை வழியாகத் திட்டமிடும் பகுதியின் மேல் செல்வாக்குச் செலுத்துகிறது. திட்டமிடும் பகுதி அதேபோல அசைவுக்கான பகுதியைத் தொடுகிறது. கை நகர்வதற்கு முன்பே ஆசையும் யோசனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்துவிடுகின்றன.

பட்ரீசியா கோல்ட்மன்-ராக்கிச்சும் சக ஆய்வாளர்களும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு முனையிலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. ரீசஸ் குரங்குகளின் நெற்றி மடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்காமல், அங்கே டோபமினை மட்டும் இல்லாமல் செய்தார்கள். அந்தப் பகுதியையே வெட்டி எடுத்தால் நினைவுத்திறன் சோதனையில் எவ்வளவு தடுமாறுமோ, ஏறக்குறைய அவ்வளவு தடுமாறின அந்தக் குரங்குகள். ஆசையோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு பொருள் இல்லையென்றால் சிந்தனையே தள்ளாடுகிறது.

அறிவு ஆணுடையது, உணர்ச்சி பெண்ணுடையது என்ற பழைய பங்கீட்டை நாம் நன்றாக அறிவோம். அந்தப் பங்கீடு நிற்க வேண்டுமானால் அறிவுக்கும் உணர்ச்சிக்கும் தனித்தனி அறைகள் வேண்டும். மேலே சொன்ன வரைபடத்தில் அப்படிப்பட்ட சுவர் எதுவும் இல்லை. ஆனாலும் இதைப் பெண்களுக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. பெண் பகுத்தறிவு உள்ளவள் என்பதற்குக் குரங்கின் மூளையிலிருந்து ஆதாரம் தேட வேண்டிய நிலையில் நாம் இல்லை.

டோபமினைப் பற்றி ஒரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. அதை 'இன்ப ரசாயனம்' என்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க்கில் உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது வேறு. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமின் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, வர வேண்டிய அந்த நேரத்தில் வழக்கத்தைவிடவும் அடங்கின. 1997இல் பீட்டர் டயானும் ரீட் மாண்டேக்கும் ஷூல்ட்ஸும் சேர்ந்து இதை விளக்கினார்கள்: இந்தச் செல்கள் சொல்வது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. முனைப்பு என்பது பிறவியிலேயே ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி ஒரு கையிருப்பு என்ற எண்ணத்துக்கு இதில் இடமில்லை. இதுவரை என்ன கிடைத்தது, என்ன கிடைக்காமல் போனது என்ற அனுபவத்திலிருந்து அது கற்கப்படுகிறது.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். 1930களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபுல்டனும் கார்லைல் ஜேக்கப்சனும் இரண்டு பெண் சிம்பன்சிகளை வைத்து ஆய்வு செய்தார்கள். அவற்றின் பெயர் பெக்கி, லூசி. உணவை ஒரு கிண்ணத்தின் கீழ் மறைத்து, சற்று நேரம் கழித்து எடுக்கச் சொல்வார்கள். பெக்கி தவறு செய்தால் ஆத்திரப்பட்டுக் கத்தும், தரையில் புரளும், கடைசியில் சோதனைக்கே வர மறுக்கும். இருபக்க நெற்றி மடல்களையும் அகற்றிய பிறகு அது முன்பைவிட மோசமாகத் தவறு செய்தது. ஆனால் கத்தவில்லை. தோற்றாலும் ஜெயித்தாலும் அதற்கு ஒன்றுதான். லூசியின் கதை தலைகீழ். அறுவைக்கு முன் அமைதியாக இருந்த லூசி, அதன் பிறகுதான் ஆத்திரப்படத் தொடங்கியது.

1935இல் லண்டனில் நடந்த நரம்பியல் மாநாட்டில் இந்த ஆய்வு பேசப்பட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸும் ஒருவர். விலங்கின் ஆத்திரத்தை இப்படி அடக்க முடியுமென்றால் மனிதரின் பதற்றத்துக்கும் இதைச் செய்யலாமே என்று அவர் எழுந்து கேட்டதாக ஃபுல்டன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தன் யோசனை அதற்கும் முந்தியது என்றார் மோனிஸ். எது உண்மையானாலும், மாநாடு முடிந்த சில மாதங்களில், 1935 நவம்பரில், லிஸ்பனில் முதல் அறுவை நடந்தது. மண்டையோட்டில் துளையிட்டு, நெற்றி மடலை மூளையின் மற்றப் பகுதிகளோடு இணைக்கும் இழைகளுக்குள் ஆல்கஹாலைச் செலுத்தி அவற்றை அழித்தார்கள். முதல் நோயாளி 63 வயதுப் பெண். அடுத்த ஆண்டு வாஷிங்டனில் வால்டர் ஃப்ரீமனும் ஜேம்ஸ் வாட்ஸும் அமெரிக்காவின் முதல் அறுவையைச் செய்தார்கள். அவர்களுடைய முதல் நோயாளியும் 63 வயதுப் பெண்தான். கான்சாஸைச் சேர்ந்த இல்லத்தரசி.

அந்த இரண்டாவது பெண்ணைப் பற்றி ஃப்ரீமன் எழுதி வைத்த ஒரு செய்தியை என்னால் மறக்க முடியவில்லை. அறுவைக்குத் தலைமுடியை மழிக்க வேண்டும் என்றதும் அவர் மறுத்தார். சுருள்முடியில் முடிந்தவரை விட்டு வைக்கிறோம் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினார்கள். அறுவை முடிந்த பிறகு அவருக்குத் தன் முடியைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. ஃப்ரீமனுக்கு இது வெற்றியின் அடையாளம். நான் வாசிப்பது வேறு விதமாக. அவரிடம் இருந்த ஒரு விருப்பமும் அதைச் சார்ந்து எழுந்த ஒரு மறுப்பும் அன்றைக்குச் சேர்ந்தே போயின. ஹேபரின் வரைபடத்தை இன்று கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கத்தி போன வழி புரிகிறது. முடிவெடுக்கும் இடத்துக்கும் ஆசை பிறக்கும் இடத்துக்கும் நடுவிலிருந்த பாதை அது.

நோயாளி ஆண் என்றால் வேலைக்குத் திரும்பினாரா என்று பார்த்தார்கள். பெண் என்றால் வீட்டு வேலைக்குத் திரும்பினாளா, அடங்கியிருக்கிறாளா என்று பார்த்தார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் 1951இல் எடுத்த ஒரு கணக்கில், இந்த அறுவைக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பெண்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 1948 முதல் 1952 வரை கிடைக்கும் தரவுகளின்படி 74 விழுக்காடு. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு 1941இல், 23 வயதில், தந்தையின் முடிவின்படி இது செய்யப்பட்டது. கோபப்படுகிறாள், இரவில் விடுதியை விட்டு வெளியே போகிறாள் என்பவை அந்தக் குடும்பத்தின் கவலைகளில் முக்கியமானவை. அதன் பிறகு அவரால் சரியாக நடக்கவும் பேசவும் முடியவில்லை. 2005இல் இறக்கும்வரை வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பராமரிப்பு இல்லத்தில் கழித்தார். இந்தச் சிகிச்சைக்காக 1949இல் மோனிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

லூசி என்ன ஆனாள் என்று இந்த வரலாற்றில் யாரும் கேட்கவில்லை. இரண்டே விலங்குகள், இரண்டு எதிரெதிரான முடிவுகள். அவற்றில் அமைதியானவளைப் பற்றிய கதை மட்டும் கண்டங்களைக் கடந்து போனது. இதற்கு மூளையியல் காரணம் கிடையாது. எந்தக் கதையைக் கேட்க உலகம் தயாராக இருந்ததோ அந்தக் கதை பரவியது. பெக்கி ஏன் கத்தினாள் என்ற கேள்வியும் எழவில்லை. ஒரு கூண்டு, முடியாத சோதனை, திரும்பத் திரும்பத் தோல்வி. அவளுடைய மஞ்சள் பட்டையை யாரும் வரையவில்லை.

அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய ஆய்வுகள் வெகுதூரம் வந்திருக்கின்றன. ஆனாலும் அவற்றையும் விமர்சனத்தோடுதான் வாசிக்க வேண்டும். இப்படிப்பட்ட பல ஆய்வுகளில், குரங்கு பழச்சாறுக்காக வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அதற்குக் கொடுக்கும் தண்ணீரைக் கட்டுப்படுத்தி வைப்பது வழக்கம். முனைப்பு என்று அளக்கப்படுவதில் ஒரு பகுதி ஆய்வகமே உண்டாக்கிய தாகம். தவிர, திரையில் வரும் பேரத்தை மறுக்கும் உரிமை குரங்குக்கு உண்டு. நாற்காலியில் உட்காராமல் இருக்கும் உரிமை இல்லை. அமெமோரி, கிரேபியல் ஆய்வையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 'சுதந்திரமான தேர்வு' என்ற சொல்லைப் படிக்கும் இடமெல்லாம் இந்த நாற்காலியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

யாருடைய உடல் என்ற கேள்வியும் மீதம் இருக்கிறது. அனலீஸ் பீரியும் இர்விங் ஸக்கரும் 2011இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். விலங்குகளை வைத்துச் செய்த நரம்பியல் ஆய்வுகளில் ஒரே பாலினத்தை மட்டும் பயன்படுத்தியவற்றை எடுத்துக்கொண்டால், பெண் விலங்கில் செய்த ஒவ்வோர் ஆய்வுக்கும் ஆண் விலங்கில் செய்தவை 5.5 என்ற விகிதம். பெண் உடலின் சுழற்சியால் தரவு குழம்பும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014இல் வெளியான ஒரு கட்டுரை, பெண் எலிகளின் தரவு ஆண் எலிகளுடையதைவிட அதிகமாக ஏறி இறங்குவதில்லை என்று காட்டியது. ஆத்திரத்தை அடக்கும் அறுவைக்கு முதல் ஆளாகப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். இயல்பான மூளை எப்படி இயங்குகிறது என்று அறியும்போது அவள் உடல் தொந்தரவு என்று ஒதுக்கினார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்.

இது லிஸ்பனிலும் வாஷிங்டனிலும் முடிந்துபோன கதை இல்லை. கத்தி போய்விட்டது, கணக்குப் போடும் முறை போகவில்லை. நம் மொழியிலும் இன்று டோபமின் என்பது வீட்டுச் சொல்லாகிவிட்டது. சுய முன்னேற்ற நூல்களிலும் காணொளிகளிலும் பெண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை ஏறக்குறைய ஒன்றுதான்: விடியற்காலையில் எழுந்திரு, பட்டியல் போடு, டோபமினை ஏற்று, முனைப்பு தானாக வரும். முனைப்பு இல்லை என்றால் உன் மூளையில்தான் குறை. எழுந்து என்ன செய்ய வேண்டியிருக்கிறது, யாருக்காக, பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று அந்தப் பக்கங்கள் கேட்பதில்லை. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். மஞ்சள் பட்டையை எங்கே தேடுவது என்று கேட்பவர்கள் இந்த எண்களிலிருந்து தொடங்கலாம்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பதைப் பாதியில் விட்ட மாணவியைப் பற்றி, பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஊழியரைப் பற்றி, "அவளுக்கு ஆர்வம் இல்லை" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம். பதவி உயர்வோடு வெளியூர் மாற்றலும் வரும்; பிள்ளையை யார் பார்ப்பது என்று வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் பெண் வேலையை மட்டும் எடைபோடவில்லை. இரண்டு பட்டைகளையும் பார்த்துத்தான் கைப்பிடியை நகர்த்தினாள். திரும்பத் திரும்பச் சாறு வராமல் போனால் விளக்கைக் கண்டும் செல்கள் துடிப்பது குறையும் என்று ஆய்வகத்தில் ஒப்புக்கொள்கிறவர்கள், பல ஆண்டுகளாகப் பாராட்டோ கூலியோ பார்க்காத பெண்ணின் சோர்வை மட்டும் குணக்கேடு என்கிறார்கள்.

இந்த இடத்தில் என் பக்கத்து வாதத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். 2012 ஆய்வில் நான் இதுவரை சொல்லாத ஒரு பாதி இருக்கிறது. நெற்றி மடலின் உள்பக்கத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட இடத்தில் மிகச் சிறிய மின்தூண்டல் கொடுத்தபோது, அதே பட்டைகளுக்கு முன்பு சம்மதித்த குரங்கு மறுக்கத் தொடங்கியது. உணவும் மாறவில்லை, காற்றும் மாறவில்லை. எடைபோடும் தராசு சாய்ந்துவிட்டது. பதற்றத்துக்குக் கொடுக்கும் டயஸிபாம் மருந்தைக் கொடுத்தபோது அந்த மாற்றம் மறைந்தது. எல்லா மறுப்பும் வெளியிலிருக்கும் விலையைச் சரியாக எடைபோட்ட மறுப்பு என்று நாம் சொல்லிவிட முடியாது என்பதற்கு இது சாட்சி. மனச்சோர்வும் பதற்ற நோயும் நிஜமானவை. படுக்கையிலிருந்து எழ முடியாத பெண்ணிடம், "உனக்கு நோய் இல்லை, ஆணாதிக்கம்தான் காரணம்" என்று சொல்லிவிட்டுப் போவதும் அவளைக் கைவிடுவதுதான். அவளுக்கு மருத்துவர் வேண்டும், தேவையென்றால் மருந்து வேண்டும்.

அதனால்தான் பட்டையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். வெளியிலிருக்கும் விலை எவ்வளவு என்று தெரிந்திருந்ததால் மட்டுமே, மாறியது தராசு என்று அந்த ஆய்வாளர்களால் சொல்ல முடிந்தது. விலையை அளக்காதவருக்குத் தராசைப் பற்றிப் பேச வழியில்லை. ஒரு பெண்ணின் வீட்டையும் வேலையையும் தூக்கத்தையும் வாங்கிய அடியையும் கேட்காமல் அவளுக்கு முனைப்புக் குறைபாடு என்று எழுதுபவர், பாதிச் சோதனையைச் செய்துவிட்டு முழு முடிவை எழுதுகிறார். இது பெண்ணியக் குறை மட்டுமில்லை. அறிவியல் முறையிலும் குறை.

நரம்பியல் முழுவதும் ஆண்களின் சூழ்ச்சி, நமக்கு அது வேண்டாம் என்று சொல்லும் தோழிகளோடு நான் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறேன். இந்தப் பாதைகளை வரைந்தவர்களில் ஹேபரும் கோல்ட்மன்-ராக்கிச்சும் கிரேபியலும் இருக்கிறார்கள். பெண்கள் செய்ததாலேயே ஓர் ஆய்வு நல்லதாகிவிடாது. அவர்களுடைய ஆய்வகங்களிலும் குரங்குகள் வலியையும் அடைப்பையும் அனுபவித்தன. ஆனால் மறுப்பையும் முடிவாக எண்ணும் ஒரு சோதனை அங்கிருந்துதான் வந்தது. அதைப் படிக்காமல் விட்டால், சிவப்புப் பட்டையை மட்டும் காட்டுகிறவர்கள் சொல்வதே அறிவியல் என்று நின்றுவிடும்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். முனைப்பு, ஊக்கம், மன உறுதி பற்றி எந்தக் கட்டுரை கையில் கிடைத்தாலும் சில கேள்விகளோடு உட்காருங்கள். என்ன கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்களா? என்ன விலை என்று சொல்லியிருக்கிறார்களா? அந்த விலையைக் கொடுப்பது யார்? மறுத்தவருக்கு எழுந்து போக வழி இருந்ததா? அமைதியானால் குணமாகிவிட்டதாக எழுதியிருக்கிறார்களா? லூசி மாதிரி எதிர்த்திசையில் போன யாராவது அடிக்குறிப்பில் ஒதுங்கிக் கிடக்கிறார்களா? கேள்விகளைக் கட்டுரையின் ஓரத்திலேயே எழுதுங்கள். அடுத்த முறை யாராவது உங்களைப் பார்த்து "உனக்கு மனசில்லை" என்று சொன்னால், அதே கேள்விகளை அவர்களிடமும் கேளுங்கள்.